நாலாம் நம்பர் ஸ்டாண்ட்

அத்தியாயம் 14

போன வாரம் விமானத்தின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த மஞ்சள் நோட்டீஸைக் கேப்டன் பிய்த்துக்கொண்டு வந்து, நாத்தனாரின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் டப்பென்று வைத்தாளே, அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஐந்து நாள்.

நோட்டீஸில் இருந்தது இரண்டே வரி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுப் புதுக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். இல்லையென்றால் நாலாம் நம்பர் ஸ்டாண்டிலிருந்து விமானத்தை எடுத்துவிட வேண்டும். அடியில் கையெழுத்து, மேனேஜர். மேனேஜர் என்றால் வேறு யாரோ இல்லை. கேப்டனின் புருஷனோடு கூடப்பிறந்த தங்கை, அதே வீட்டு மாடியில் குடியிருப்பவள், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள்.

இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று சின்னவள், "உள்ள யாரோ குடித்தனமே வச்சுட்டாங்க போல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். உள்ளே இருந்த கேப்டன் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டாள். மாமியார் இரண்டு பேருக்கும் ஒரே சமையலை இரண்டு டப்பாவில் அடைத்து, ஒன்றை மாடிப்படியிலும் ஒன்றைக் கீழ் மேஜையிலும் வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் இன்னிக்கு என்னமோ பண்ணித் தொலைங்க. சாயங்காலம் வர்றப்போ டப்பாவைக் கழுவிக் கொண்டாங்க" என்றார்.

கேப்டன் என்றால் பட்டாளத்துக் கேப்டன் இல்லை. நாலு பேர் உட்காரும் சின்ன விமானம் ஒன்று இருக்கிறது. அதை ஓட்டுகிறவள் இவள், பழுது பார்க்கிறவர் இவள் புருஷன். செவ்வாயும் வெள்ளியும் மயக்க மருந்து டாக்டரை ஏற்றிக்கொண்டு கடலைத் தாண்டித் தீவு ஆஸ்பத்திரிக்குப் போவாள். சாயங்காலம் திரும்ப அழைத்து வருவாள். அந்த டாக்டர் போய் இறங்கினால்தான் அங்கே ஆபரேஷன். இல்லையென்றால் படகு. படகு சனிக்கிழமை மட்டும், அதுவும் கடல் மனசு வைத்தால்.

பதினொரு வருஷமாக விமானம் நிற்பது நாலாம் நம்பர் ஸ்டாண்டில். பொது விமான நிலையம், பொது நிறுத்தம். ஒன்றிலிருந்து ஆறு வரை சின்ன விமானங்களுக்கு என்று அரசாங்கம் அச்சடித்த வரைபடத்திலேயே போட்டிருக்கிறது. மாதாமாதம் வாடகையை நிலைய ஆபீஸில் கட்டி ரசீது வாங்கியவர்கள்தான் இவர்கள். நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி வந்தது. கண்ணாடிக் கட்டடம் கட்டியது. வேலி போட்டது. தரையில் இருந்த மஞ்சள் எண்களின் மேல் கறுப்பு பெயிண்ட் அடித்து சி-ஒன்று, சி-இரண்டு என்று தன் எண்ணை எழுதியது. நாலாம் நம்பர் இப்போது சி-இரண்டு. அப்புறம் கட்டண அட்டையை நீட்டியது. ஒரு தடவை இறங்கி நின்றால் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டியது, தீவு ஆஸ்பத்திரி அந்த ஒரு பயணத்துக்குத் தருவதைவிட அதிகம்.

அதாவது நாலாம் நம்பர் போனால் தீவுக்குப் போகிற வழியும் போயிற்று. இதுதான் விஷயம். இதற்குத்தான் அந்த வீட்டில் குழாய்த் தண்ணீர் கூட சடசடவென்று கொட்டிக்கொண்டிருந்தது.

ஆறேகால் மணிக்குக் கேப்டனும் மெக்கானிக் புருஷனும் பக்க கேட்டுக்குப் போனார்கள். பதினொரு வருஷமாகப் போகிற கேட். புதுப் பூட்டு தொங்கியது, உள்ளங்கை அகலத்தில்.

கேப்டன் பூட்டை இழுத்துப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். காலால் கேட்டை ஒரு உதை விட்டாள்.

"கால்தான் வலிக்கும்" என்றார் மெக்கானிக்.

"வலிக்கட்டும். நேத்து இந்தப் பூட்டு இங்க இருந்துச்சா?"

"இல்ல."

"உங்க தங்கச்சிக்கு வாயில்லையா? நேத்து ராத்திரி மாடிப்படி ஏறும்போது, 'அண்ணா, நாளைக்கு கேட் பூட்டியிருக்கும்'னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மெக்கானிக் பூட்டைத் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாயைத் திறந்தால் ஒரு பக்கம் பெண்டாட்டி, ஒரு பக்கம் தங்கை. மூடியே வைத்திருந்து பழகிவிட்டது.

கண்ணாடிக் கட்டடத்து வாசலில் டாக்டர் தன் கறுப்புப் பெட்டி மேலேயே உட்கார்ந்திருந்தார். சோபா உள்ளே இருந்தது. பயணி அட்டை இல்லாதவர்கள் சோபாவில் உட்காரக் கூடாதாம்.

"மணியாகுதும்மா" என்றார்.

"இதோ போயிடலாம் டாக்டர்."

உள்ளே கவுண்டருக்குப் பின்னால் கோட்டும் கழுத்துத் துணியுமாக நின்றிருந்தாள் சின்னவள். முகத்தில் சிரிப்பை ஒட்டிவைத்திருந்தாள்.

"குட் மார்னிங் மேடம். குட் மார்னிங் சார்."

சார் என்றது சொந்த அண்ணனை. மெக்கானிக் தரையைப் பார்த்தார்.

"பக்க கேட்டை எதுக்குப் பூட்டினீங்க?" என்றாள் கேப்டன்.

"பாதுகாப்பு, மேடம். இனிமே எல்லாரும் இந்த வழியாத்தான்."

"சரி. வழி விடு, போறோம்."

"நடந்து போகக் கூடாது மேடம். எங்க வேன் கூட்டிட்டுப் போகும். அதுக்கு எஸ்கார்ட் சார்ஜ் உண்டு. மூணு பேருக்கு."

"எங்க கூட்டிட்டுப் போகும்?"

"உங்க விமானத்துக்கு."

கேப்டன் கண்ணாடிச் சுவரைக் காட்டினாள். வெளியே பெட்ரோல் லாரி ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது. அதற்கு மேலே அவர்கள் விமானத்தின் வால் மட்டும் நீலமாகத் தெரிந்தது.

"அதோ தெரியுது பாரு வாலு. நாப்பது மீட்டர். என் விமானத்துக்கு நான் நாப்பது மீட்டர் நடக்க உனக்குக் காசா? என் வீட்டு அடுப்படிக்குப் போகவும் டிக்கெட் கிழிப்பியா?"

"கட்டணம் நான் போட்டதில்ல மேடம்."

"நோட்டீஸ்ல கையெழுத்து யாருது? பேய் போட்டுச்சா?"

சிரிப்பு கொஞ்சம் நழுவியது. சின்னவள் அதைப் பிடித்து மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

"ஹேண்ட்லிங் கட்டணத்துல எல்லாமே சேர்த்தி மேடம். லவுஞ்சு, காபி, சுத்தம் பண்றது, கட்டி வைக்கிறது..."

"கட்டி வைக்கிறது நான். எண்ணெய் மாத்துறது உங்க சார். கண்ணாடி துடைக்கிற துணி கூட என் பழைய துப்பட்டா. உங்க மெஷின்ல ஒரு வாய் காபி குடிச்சிருப்பேனா? நீங்க என்னத்த ஹேண்டில் பண்றீங்க, என் கழுத்தையா?"

அரசாங்க வரைபடத்தைப் பையிலிருந்து எடுத்து கவுண்டரில் விரித்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, ஒட்டுப்போட்ட காகிதம். "படி. என்ன போட்டிருக்கு? பொது நிறுத்தம், ஒண்ணு முதல் ஆறு. இதுல சி-ரெண்டு எங்க இருக்கு, காட்டு பார்க்கலாம்."

"அது பழைய மேப் மேடம். அடுத்த பதிப்புல மாறிடும்."

"மாறட்டும். மாறின அன்னிக்கு வந்து கையை நீட்டு."

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தீவு ஆஸ்பத்திரி நர்ஸ்.

"கிளம்பிட்டீங்களா மேடம்? ஆறு கேஸ் இருக்கு. முதல் கேஸ் அம்மா நேத்து ராத்திரி எட்டு மணியிலேருந்து வெறும் வயிறு. தண்ணி கேக்குறாங்க. நான் டாக்டர் வந்துருவார், வந்துருவார்னு சொல்லிட்டிருக்கேன்."

கேப்டன் பல்லைக் கடித்தாள். நேரம் ஆறு நாற்பது. இங்கே நின்று நியாயம் பேசினால் அங்கே ஆறு பேர் வயிறு காய்கிறது. இந்த மாதிரி ஆட்கள் ஜெயிப்பதே இப்படித்தான். நமக்கு அவசரம், அவர்களுக்கு அவசரம் இல்லை.

பர்ஸைத் திறந்து பணத்தைக் கவுண்டரில் போட்டாள். "எடுத்துக்க. நாப்பது மீட்டருக்கு. நல்லா இருங்க."

"ஒரு ஃபார்ம் மட்டும் மேடம்."

ஒரு ஃபார்ம் மூன்று ஃபார்மாயிற்று. மூன்றாவதில் டாக்டரின் இரத்த வகை கேட்டிருந்தது. டாக்டர் யாரையும் அதட்டிப் பேசாதவர். அவரே, "எதுக்கு, வேன் நாப்பது மீட்டர்ல கவிழ்ந்துடுமா?" என்றார்.

அப்போதுதான் மெக்கானிக், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே, மெதுவாகச் சொன்னார்.

"கேப்டன். வாலு நகருது."

பெட்ரோல் லாரிக்கு மேலே நீல வால் இடமிருந்து வலமாக நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

கேப்டன் சின்னவளைப் பார்த்தாள். சின்னவள் ஃபார்மைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே எல்லாம் புரிந்துபோயிற்று. இருபத்தைந்து நிமிஷமாக இங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று ஃபார்ம் வந்துகொண்டிருந்தது எதற்கு என்று.

வேன் டிரைவர் உள்ளே வருவதற்காகக் கதவு திறந்தது. மெக்கானிக் அவரை இடித்துக்கொண்டு வெளியே ஓடினார். அந்த மனிதர் ஓடிக் கேப்டனே பார்த்ததில்லை.

"நிறுத்து! யோவ், நிறுத்து! திருப்பாத!"

சாமான் வண்டி இழுக்கிற டிராக்டர். அதன் பின்னால் ஒரு கம்பியில் மாட்டிச் சின்ன விமானம் வந்துகொண்டிருந்தது. ஓடுபாதையிலிருந்து கண்ணாடிக் கட்டடத்துக்கு வருகிற ஒரே வழியைக் குறுக்காகக் கடந்து, குப்பைக் கொட்டகைப் பக்கம் போக டிராக்டர் நறுக்கென்று திரும்பியது.

மரக்கிளை முறிவது போல ஒரு சத்தம்.

டிராக்டர் நின்றது. விமானம் வழியின் நட்ட நடுவில், மூக்கைக் கோணலாக வைத்துக்கொண்டு நின்றது.

மெக்கானிக் தரையில் மல்லாக்கப் படுத்து முன்சக்கரத்துக்கு அடியில் போனார். ரொம்ப நேரம் வரவில்லை. வந்தபோது பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"திருப்பத்துக்குத் தடுப்பு ஒண்ணு இருக்குமில்ல, அது போச்சு. சக்கரத்தைத் தாங்குற கால்ல விரிசல் வேற இருக்கு."

"பறக்க..."

"பறக்கறதா? இந்தச் சக்கரத்துல இறங்கினா குப்புறக் கவிழும். பாகம் வரணும். ரெண்டு வாரம், மூணு வாரம்."

கேப்டன் நாலாம் நம்பர் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தாள். தரையில் பதித்த இரும்பு வளையங்களில் அவள் நேற்று மாட்டிய சங்கிலிகள் கழற்றிச் சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. ஒழுங்காக, அழகாக. அந்த ஒழுங்குதான் அவளுக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

சின்னவள் குதிகால் செருப்போடு ஓடி வந்தாள்.

"ஓரமாத்தான் வைக்கச் சொன்னேன்! பத்து மணிக்குப் பெரிய ஜெட் வருது, முதலாளியோட விருந்தாளிங்க. கொஞ்சம் ஓரமா தள்ளி வைங்கன்னுதான்..."

"அஞ்சு மணின்னு நோட்டீஸ்ல போட்டது நீதானே? இப்போ மணி என்ன?" கேப்டன் சங்கிலிச் சுருளைக் காட்டினாள். "எங்களை உள்ள உக்கார வச்சு ஃபார்ம் எழுத விட்டுட்டு, வெளிய ஆளை வச்சுத் திருடியிருக்கே. மேடமாம், மேடம்!"

"திருடினேன்னு சொல்லாதீங்க அண்ணி!"

"இப்போ அண்ணியா?"

போன் அடித்தது. மறுபடி நர்ஸ். கேப்டன் எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையை நீட்டிப் போனை வாங்கப் போனார். அவள் தலையை ஆட்டிவிட்டுத் தானே எடுத்தாள்.

"மேடம், எத்தனை மணிக்கு..."

"சாப்பாடு குடுத்துடுங்க."

"ஆறு பேருக்குமா மேடம்?"

"ஆறு பேருக்கும். இன்னிக்கு வரல."

"அந்தம்மா ஏற்கெனவே ரெண்டு தடவை தள்ளிப்போட்டு..."

"தெரியும்மா. மன்னிச்சுக்கங்கன்னு சொல்லுங்க. இல்ல, வேணாம். என்னைத் திட்டச் சொல்லுங்க. முதல்ல சாப்பாடு குடுங்க."

போனை வைத்தவள் சின்னவளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். டாக்டர்தான் சொன்னார். "மேனேஜரம்மா, நான் முப்பது வருஷமா ஜனங்களைத் தூங்க வைக்கிற ஆளு. உங்களுக்கு இன்னிக்கு ராத்திரி தூக்கம் வந்தா எனக்குச் சொல்லியனுப்புங்க." பெட்டியை எடுத்துக்கொண்டு போய் மறுபடி வாசலில் அதன் மேல் உட்கார்ந்தார்.

பத்து மணிக்குப் பெரிய ஜெட் இறங்கியது. கண்ணாடிக் கட்டடம் வரைக்கும் வர முடியவில்லை. வழியில் சின்ன விமானம் கோணல் மூக்கோடு நின்றுகொண்டிருந்தது. ஜெட் தூரத்தில் வெயிலில் உறுமிக்கொண்டு நின்றது. அதற்குள் இருந்த விருந்தாளிகளுக்கு நாற்பது மீட்டர் இல்லை, நானூறு மீட்டர். நடந்து வரட்டுமே!

நிலைய அதிகாரி ஜீப்பில் வந்தார். நாலு மாதமாகக் கேப்டன் எழுதிய ஏழு புகார்க் கடிதத்துக்கும் பதில் போடாத அதே மனிதர். இப்போது வேர்த்துக்கொண்டு வந்தார்.

"தள்ளுங்கய்யா அதை!" என்றார் முதலில். பிறகு சுற்றி நிற்பவர்களைப் பார்த்துச் சட்டம் ஞாபகம் வந்தது. சேதமான விமானத்தை நினைத்த மாதிரி தொட முடியாது. நகர்த்தியவர்கள் சம்பவ ரிப்போர்ட் எழுதித் தர வேண்டும். அதற்கு மேல், நகர்த்தலாம் என்று லைசென்ஸ் உள்ள மெக்கானிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"இந்த ரக விமானத்துக்கு லைசென்ஸ் உள்ளவர் நம்ம நிலையத்துல யார் இருக்கா?"

எல்லோரும் மெக்கானிக்கைப் பார்த்தார்கள்.

கேப்டனுக்கு அந்த ஆத்திரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "அஞ்சு மணிக்குள்ள எடுக்கணும்னு நோட்டீஸ் ஒட்டினீங்களே, எடுத்துக்கங்க சார். யாரு வேணாம்னாங்க?"

அதிகாரி சின்னவளிடம் ஒரு பக்க ஃபார்மைக் கொடுத்தார். "ஒரு மணி நேரத்துல வேணும். மேலிடத்துக்கு அனுப்பணும்."

அப்போது டிராக்டர்க்காரர் தொண்டையைக் கனைத்தார். நல்ல மனிதர், காலையிலிருந்து டிராக்டரை விட்டு நகராமலே நின்றவர்.

"சார், என் மேல மட்டும் பழியைப் போடாதீங்க. நான் சின்ன விமானம் எத்தனையோ இழுத்திருக்கேன். முன்கால்ல சிவப்புக் கோடு இருக்கும். அதைத் தாண்டித் திருப்பக் கூடாதுன்னு தெரியும். இதுல கோடே இல்லீங்க. போய்ப் பாருங்க."

மெக்கானிக் கையில் பிடித்திருந்த கந்தல் துணியை மட்டும் மடித்தார், பிரித்தார், மடித்தார்.

சின்னவள் அதைப் பார்த்தாள். அண்ணன் துணியை எப்போது மடிப்பார் என்று அவளுக்குத் தெரியாதா? சின்ன வயசில் ரேடியோவை உடைத்துவிட்டு அப்பா முன்னால் நின்றபோதும் இப்படித்தான் மடித்தார்.

"அண்ணா, அண்ணி, ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள்.

மேனேஜர் அறை சின்னது. மேஜை மேல் இரண்டு காகிதம். ஒன்று சம்பவ ரிப்போர்ட், இன்னொன்று அந்தப் புது ஒப்பந்தம். ஓரத்தில் மாமியார் கட்டிக் கொடுத்த டப்பா, திறக்காமல்.

சின்னவள் கதவைச் சாத்தினாள். மேடம் கீடம் எல்லாம் போய்விட்டது.

"அண்ணா, கோடு எங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் கேப்டன் பாய்ந்தாள். "கோடு இருந்துச்சு. எப்பவும் இருக்கும். உங்க ஆளு குருடு."

"நான் அண்ணனைக் கேட்டேன்."

கேப்டன் புருஷன் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்க. இருந்துச்சுல்ல?"

மெக்கானிக் துணியை மேஜை மேல் வைத்தார்.

"போன மாசம் துரு பிடிக்குதுன்னு காலைச் சுரண்டி வெள்ளை பெயிண்ட் அடிச்சேன். காஞ்சதுக்கு அப்புறம் கோடு போடலாம்னு விட்டேன். அன்னிக்குத்தான் எஞ்சின் பக்கம் எண்ணெய் கசிஞ்சுது, அதுல இறங்கினேன். அப்படியே மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க."

"நாம ரெண்டு பேரும் கையால தள்ளுற விமானம். நமக்குக் கோடு வேண்டியதில்ல. அதான் கண்ணுல படவே இல்ல."

கேப்டனிடம் காலையிலிருந்து ஊருக்கே கொடுத்துவந்த கோபம் முழுக்கக் கைவசம் இருந்தது. எங்கே கொட்டுவது என்றுதான் தெரியவில்லை. கடைசியில், "உங்களை வீட்ல வச்சுக்கறேன்" என்றாள். அவருக்கு அது போதும். கூனிக் குறுகிவிட்டார்.

சின்னவள் இரண்டு காகிதத்தையும் பக்கத்துப் பக்கத்தில் நேராக வைத்தாள்.

"கேளுங்க. ரிப்போர்ட்ல கடைசிக் கட்டம், சேதத்துக்குக் காரணம். கோடு இல்லைன்னு எழுதினா விசாரணை வரும். அண்ணா லைசென்ஸ் ஆறு மாசமாவது போகும், ஒருவேளை மொத்தமாவே போகும். நான் அதை எழுதல. எங்க ஆளு அவசரத்துல திருப்பிட்டான்னு எழுதறேன். ரிப்பேர் செலவு எங்க இன்ஷூரன்ஸ். அதுக்குப் பதிலா இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. சி-ரெண்டு கம்பெனி இடம்னு ஒத்துக்கங்க. முதல் வருஷக் கட்டணத்துல பாதியை நான் குறைச்சு வாங்கித் தர்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எல்லாரும் நிம்மதியா இருப்போம்."

"ஆஸ்பத்திரி குடுக்கறது அந்தப் பாதிக்கே காணாது. மூணு மாசத்துல நான் விமானத்தை விக்கணும். தீவுக்கு யார் போவா? உங்க ஜெட்டா?"

"அது என் கவலை இல்ல அண்ணி!" சின்னவள் மேஜையில் அடித்தாள். டப்பா துள்ளியது. "ஒம்பது வருஷம் கவுண்டர்ல கால் கடுக்க நின்னு இந்த நாற்காலிக்கு வந்தவ நான். அந்த ஜெட்டுல இருக்கறவர் முதலாளிக்கு ஒரு போன் பண்ணினா நாளைக்கு நான் தெருவுல. எல்லாரும் என்னையே திட்டறீங்க. அம்மாவும் திட்டுது. பதினொரு வருஷம் சல்லிசா நிறுத்தினது நீங்க. வயித்துப் பிழைப்புக்கு உழைக்கறது நான் மட்டும் தப்பா?"

"உழைக்கறது தப்பில்ல. ஊர் இடத்துல வேலி போட்டு, உள்ளவனையே உள்ள வர காசு கேக்கறதுதான் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, இப்ப பண்றியே, இது. அண்ணன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு என்கிட்ட விலை பேசறது."

சின்னவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனால் ஒப்பந்தத்தைத் தள்ளி வைக்கவில்லை. பேனாவைத் திறந்து அதன் மேல் வைத்தாள்.

கேப்டன் பேனாவைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இருபது வருஷத்து லைசென்ஸ். அந்த மனுஷனுக்கு வேறு என்ன தெரியும்? ஒரு கையெழுத்தில் காப்பாற்றிவிடலாம். உண்மையாகவே அவள் கை மேஜை வரைக்கும் போனது.

மெக்கானிக் தன் தோள்பையிலிருந்து, விமானத்தின் பழுதெல்லாம் பதிகிற லாக் புக்கை எடுத்தார். இன்றைய பக்கத்தைத் திறந்து தங்கை முன்னால் வைத்தார்.

அவருடைய சின்னச் சின்ன எழுத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது: முன்காலில் பெயிண்ட் அடித்தபின் திருப்ப எல்லைக் கோடு மீண்டும் போடப்படவில்லை. தவறு என்னுடையது. கீழே கையெழுத்து, லைசென்ஸ் எண், நேரம். காலை ஏழு முப்பத்தைந்து.

"விமானத்துக்கு அடியில படுத்திருந்தப்பவே எழுதிட்டேன்" என்றார். "நீ அதை வச்சு விலை பேச முடியாதும்மா. அது இப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"அண்ணா, உனக்குப் பைத்தியமா? லைசென்ஸ் போயிடும்!"

"போகட்டும். என் தப்பு என்னோட போகட்டும். அந்த அம்மா அங்க மூணாவது தடவையா சோறு தின்னுட்டுத் திரும்பப் படுத்திருக்கு. அதுல என் பங்கு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். உன் பங்கை நீ எழுது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிக் கேப்டன் கேட்டதில்லை. கோபம் தீரவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியது பாக்கி இருக்கிறது. ஆனால் மேஜை வரை போன கை திரும்பி வந்துவிட்டது.

"கேட்டுதுல்ல? எழுது" என்றாள்.

"நான் நிஜமாவே எழுதிடுவேன் அண்ணி."

"அதான் எழுதுங்கறேன். கோடு இல்லைன்னு எழுது. என் புருஷன் மறந்துட்டார்னு பெரிய எழுத்துல எழுது."

சின்னவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ரிப்போர்ட்டை இழுத்தாள். பேனா நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனது.

கேப்டன் விரலை நீட்டிக் காகிதத்தின் உச்சியில் வைத்தாள்.

"அங்கேருந்து இல்ல. முதல் கட்டத்துலேருந்து."

சின்னவள் முதல் கட்டத்தைப் படித்தாள். உதடு அசைந்தது. சம்பவத்துக்கு முன் விமானம் நின்றிருந்த இடம். அரசு வெளியிட்ட வரைபடத்தில் உள்ள பெயரை மட்டுமே எழுதவும்.

அரசு வெளியிட்ட வரைபடம் காலையிலிருந்து கேப்டனின் பையில்தான் இருந்தது. அவள் அதை எடுத்து, கிழிந்த மடிப்புகளை நீவி, ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் விரித்தாள். அதில் சி-இரண்டு என்று எதுவும் கிடையாது. அங்கே எழுத முடிந்தது ஒன்றே ஒன்றுதான். பொது நிறுத்தம், நான்கு. கம்பெனி முத்திரையோடு, மேனேஜர் கையெழுத்தோடு, மேலிடத்துக்குப் போகிற காகிதத்தில்.

அதை எழுதினால், பொது இடத்தில் ஒழுங்காக நின்ற விமானத்தைக் கேட்காமல் இழுத்தோம் என்று கம்பெனியே சொன்னதாகும். எழுதாவிட்டால் ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லாவிட்டால் ஜெட் நின்ற இடத்தில் நிற்கும்.

பேனா முள் காகிதத்தைத் தொடாமல் மேலேயே நின்றது. வெளியே ஜெட்டின் உறுமல் கண்ணாடியை அதிரவைத்தது. மேஜை மேல் சின்னவளின் போன் அடித்தது. திரையில் முதலாளி.

"எடு" என்றாள் கேப்டன். "நாலாம் நம்பருக்கு என்ன பேர் எழுதட்டும்னு அவர்கிட்டயே கேளு."

சின்னவள் போனை எடுக்கவில்லை. பேனாவையும் கீழே வைக்கவில்லை.